சம்பந்திக்கு முன்னால் சுவரைத் தொடுவது

நீச்சலை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களிடம் எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால் அழகான பதில்கள் வரும். ஒருவரை நான்கு வயதிலேயே அம்மா தண்ணீரில் இறக்கிவிட்டிருப்பாள். இன்னொருவர் பள்ளி அணியில் சேர்ந்திருப்பார். நான் முழங்கால் வழியாக வந்தேன். என் சம்பந்தி எனக்குத் துணையாக வந்தார். துணைக்கு வந்த மனிதரை நான் நடத்திய விதம் சரியில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். என் மனைவி இப்போதே சிரிக்கிறாள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகன் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் வீடு வாங்கிய பிறகு நானும் மனைவியும் டெக்சாஸுக்கே வந்துவிட்டோம். மருமகள் அவள் வீட்டில் ஒரே பெண். அவளுடைய அப்பா பவானிக்காரர். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். வருடத்தில் பாதியை மகளோடும் மீதியை ஊரிலும் கழிப்பார். எனக்கும் அவருக்கும் வயதில் சில மாதங்கள்தான் வித்தியாசம். ஆனால் நான் பையனைப் பெற்றவன், அவர் பெண்ணைப் பெற்றவர்.

இந்த ஒரு காரணத்துக்காக, கல்யாணம் நடந்த நாளிலிருந்து எந்த வாசலிலும் அவர் எனக்கு முன்னால் நுழைந்ததில்லை. காரில் முன் சீட்டு எனக்கு. கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசை எனக்கு. பேர்லேண்டு மீனாட்சி கோயிலில் அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை முதலில் அவரிடம் நீட்டிவிட்டால், தட்டின் விளிம்பைப் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பிவிடுவார். ஒருமுறை அர்ச்சகரும் தட்டோடு சேர்ந்து திரும்பினார்.

நான் இதையெல்லாம் அனுபவித்தேன். கல்லூரி விழாக்களில் ஆண் வீடு, பெண் வீடு என்ற பேதம் காட்டுமிராண்டித்தனம் என்று மைக்கைப் பிடித்துப் பேசியவன் நான். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து முதல் தோசையைச் சாப்பிட்டவனும் நான்தான். கல்யாணத்தன்று மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் காற்றே வரவில்லை என்று முணுமுணுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் காதில் விழும்படி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மணப்பெண்ணின் தகப்பன், பட்டு வேட்டியும் மாலையுமாக, ஆளுயர மின்விசிறி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தார். மின்விசிறியின் வயர் மாலையில் சிக்கி, அவர் நடக்க நடக்க ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

"காத்து போதுங்களா சம்பந்தி?" என்றார்.

"பரவால்லைங்க" என்றேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

என் முழங்கால் தேய்ந்துவிட்டது என்றும், தண்ணீருக்குள் நடந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்றும் ஹூஸ்டன் டாக்டர் சொன்னார். மருமகள் அன்றே ஏற்பாடு செய்துவிட்டாள்.

"மாமா, ரெக் சென்டர்ல சீனியர்ஸ்க்கு வாட்டர் கிளாஸ் இருக்கு. ஆபீஸ் போற வழியில நான் டிராப் பண்ணிடறேன். அப்பாவும் வரட்டும், உங்களுக்குக் கம்பெனி."

"சம்பந்தி போறாருன்னா நானும் போறனுங்க" என்றார் அவர் என் மனைவியிடம். "தண்ணின்னா தொணைக்கு ஒருத்தர் வேணுமல்லங்க?"

நீச்சல் உடை வாங்கப் போனோம். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் கறுப்பு உடை, பக்கவாட்டில் ஆரஞ்சுக் கோடு. வீட்டில் போட்டுக் காட்டினோம். என் மனைவி சமையலறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, இதப் போட்டுட்டு வெளிய போனா இந்த ஊர்ல போலீஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எல்லாரும் இதத்தான் போடறாங்க" என்றேன்.

"எல்லாருந் தொப்பைய உள்ள வெச்சுட்டுப் போடறாங்க."

முதல் நாள் நீச்சல் குளத்தில் ஏணி அருகே நின்று அவர் எனக்கு வழிவிட்டார். "நீங்க மொதல்ல எறங்குங்க சம்பந்தி." எனக்கு நீச்சல் தெரியாது, பயம். "இல்லைங்க, நீங்க எறங்குங்க" என்றேன். "அதெப்படீங்க?" என்றார். எங்களுக்குப் பின்னால் ரப்பர் தொப்பி போட்ட அமெரிக்கப் பாட்டிகள் வரிசையாக நின்று குளிரில் நடுங்கினார்கள். கடைசியில் நான்தான் இறங்கினேன். அவர் இறங்கியதும் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். உயிர்காப்பாளராக மேலே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் ஓடி வந்து, குளோரின் கண்ணில் எரிகிறதா என்று கேட்டாள். "நோ, நோ. சாமி" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போய், அதற்குப் பிறகு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டுப் போட்டு, கையில் நீளமான ஸ்பாஞ்சுக் குழாய்களோடு தண்ணீரில் நடப்பதுதான் வகுப்பு. சம்பந்தி என் பின்னால் ஓர் அடி விட்டு நடந்தார். நான் நின்றால் நின்றார், திரும்பினால் திரும்பினார். அந்த வகுப்பை நடத்திய அம்மாள் முன்பு பள்ளி ஒன்றில் நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய விசில் சத்தம் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். நடந்தது போதும், நீந்தக் கற்றுக்கொள் என்று என்னைப் பிடித்து இழுத்தவர் அவர்தான். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, விழுங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க முயன்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகக் கற்றுக்கொண்டேன்.

சம்பந்திக்குக் கற்றுத்தர எதுவுமில்லை. அவர் வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவர். ஆனால் பார்க்க அழகாக இருக்காது. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு, வாயைக் குவித்து "பூ, பூ" என்று ஊதிக்கொண்டு, எருமை ஓடையைக் கடப்பது போலப் போவார். பயிற்சியாளர் அம்மாள் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். "உள்ள போயிட்டா சம்பந்தி எங்க வராருன்னு தெரியாதுங்களே" என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒருநாள் அந்த அம்மாள் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வந்தார். ஒரு நீளம் நீந்தச் சொல்லி, என் நேரத்தைச் சொன்னார். அந்த நிமிடத்தில்தான் நான் கெட்டுப்போனேன். அதுவரை அது முழங்கால் வைத்தியம். கையில் ஓர் எண் கிடைத்ததும் விளையாட்டாகிவிட்டது. மறுநாள் அந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்று தோன்றுகிறதே, எல்லோரும் விளையாட்டுக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான் என்று நினைக்கிறேன். வகுப்பில் யார் மெதுவாகப் போகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாளை முந்தியதை வீட்டில் வந்து சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வசந்தம் வந்ததும், ஹூஸ்டன் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நீச்சல் போட்டி நடக்கிறது, நீங்கள் இருவரும் கலந்துகொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர். ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துப் பரிசு. எங்கள் வயதுப் பிரிவில் எங்களைச் சேர்த்தே மூன்று ஆண்கள்தான். அதாவது, நீந்திக் கரை சேர்ந்தால் போதும், கழுத்தில் ஏதோ ஒரு பதக்கம் விழும். நான் உடனே எங்கள் ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், அமெரிக்காவில் மாநில அளவிலான நீச்சல் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறேன் என்று எழுதினேன். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளுமாகக் குவிந்தன. தாவரவியல் பேராசிரியர் ஒருவர், "எந்த நாட்டுக்காக நீந்துகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். மூன்றே பேர் என்பதை நான் அங்கே எழுதவில்லை. தங்கம் வாங்குவேன் என்று மட்டும் எழுதினேன்.

அப்படி எழுதத் தைரியம் வந்ததற்குக் காரணம், பயிற்சியில் சம்பந்தியை நான் எப்போதும் முந்தினேன். ஒரே ஒரு முறைகூட அவர் எனக்கு முன்னால் சுவரைத் தொட்டதில்லை. நான் தொட்டு, கண்ணாடியைக் கழற்றி, மூச்சு வாங்கித் திரும்பினால், அவர் "பூ" என்று ஊதிக்கொண்டு சரியாகப் பின்னால் வந்து சேருவார்.

பிறகு ஒருநாள் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் நான் வகுப்புக்குப் போகவில்லை. அவர் மட்டும் போனார். அடுத்த வகுப்பில் பயிற்சியாளர் அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். உன் நண்பருக்கு நெஞ்சில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டார். நீ வராத அன்று அவர் நீந்திய வேகத்தில் ஐம்பது வயதுக்காரர்களையே முந்திவிடுவார். நீ பக்கத்தில் நீந்தினால் மட்டும் அவர் வேகம் விழுந்துவிடுகிறது, எனக்குப் புரியவில்லை, அவரை டாக்டரிடம் காட்டு என்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டெக்சாஸில் பிறந்து வளர்ந்த ஒரு நீச்சல் பயிற்சியாளருக்கு இது எந்தக் காலத்திலும் புரியாது.

"வயசாகிவிட்டது. ஒருநாள் போல ஒருநாள் இருக்காது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்னதோடு, அனுதாபமாகத் தலையை வேறு ஆட்டினேன்.

ஆனால் அந்த நாளில் அவரைக் கொண்டுபோய் விட்ட மருமகளும் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறாள். சம்பந்தி குளித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா அன்னைக்கு செம ஃபாஸ்ட். நானே ஷாக் ஆயிட்டேன். நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ம். நல்லா நீந்துவாரு."

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து அவர் எதுலயும் ஃபர்ஸ்ட் வந்து நான் பார்த்ததில்ல மாமா. எங்க போனாலும் பின்னாடி போய் நின்னுப்பாரு. அடுத்த வாரம் ஊருக்கு வேற கிளம்பறாரு. இந்த ஒரு ரேஸ்ல அவர் வின் பண்ணிட்டாருன்னா..." என்று நிறுத்தி, சட்டென்று சிரித்தாள். "சாரி மாமா. உங்ககிட்டயே வந்து சொல்றேன் பாருங்க. நீங்களும் அதே ரேஸ்தான்ல?"

"அதனாலென்னம்மா. யார் ஜெயிச்சா என்ன?" என்றேன். என் குரல் மிக நன்றாக இருந்தது. அவளே நம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் செய்த காரியத்தைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் இந்தியப் பெற்றோர்கள் கராஜ் கதவைத் திறந்து வைத்து, மடக்கு நாற்காலி போட்டு, போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பது வழக்கம். நாங்களும் அப்படி உட்கார்ந்திருந்தோம். நான் தெருவைப் பார்த்தபடியே சொன்னேன்:

"நம்ம சொந்தக்காரங்க ஒரு மாதிரிங்க சம்பந்தி. பையன் வீட்டுக்காரனைப் பொண்ணு வீட்டுக்காரர் தண்ணியில முக்கிட்டாருன்னு பேசிச் சிரிப்பாங்க. நமக்கென்னங்க, வெளையாட்டுதானே."

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். ஒரு கார் போனது. இன்னொரு கார் போனது.

"ஆமாங்க, வெளையாட்டுதானுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒண்ணுங் கவலப்படாதீங்க சம்பந்தி" என்றார்.

உள்ளே போகும் கதவில் என் மனைவி நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கிட்டே வந்து, நான் பாதிதான் குடித்திருந்த காபியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போட்டி நாளன்று மகன், மருமகள், பேத்தி, மனைவி எல்லோரும் வந்து மேல்வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது போட்டியாளர் குளத்தோரத்தில் எங்களைத் தேடி வந்து கைகுலுக்கினார். தொங்குமீசை வைத்த பெரிய டெக்சாஸ்காரர். நீச்சல் உடைக்கு மேல் வேறெதுவும் இல்லை, தலையில் மட்டும் கௌபாய் தொப்பி. எங்கள் இருவரின் ஒரே மாதிரி உடையைப் பார்த்துவிட்டு அண்ணன் தம்பியா என்று கேட்டார்.

சம்பந்தி மரியாதை நிமித்தம் "யெஸ், யெஸ்" என்றார். பிறகு உறவைச் சரியாக விளக்கிவிட வேண்டும் என்று நினைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துக் காட்டி, "ஹிஸ் சன், மை டாட்டர், மேரேஜ்" என்றார். டெக்சாஸ்காரர் சிறிது நேரம் எங்களையே பார்த்தார். பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுத் தன் வரிசைக்குப் போனார்.

முதலில் ஐம்பது கெஜம். போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் மூவரும் அடுத்தடுத்த வரிசைகளில் தண்ணீரில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டோம். மேலிருந்து பேத்தி கத்தினாள்: "கோ தாத்தா!" நான் கையை ஆட்டினேன். அவரும் கையை ஆட்டினார். அவளுக்கு இரண்டு பேருமே தாத்தாதான்.

ஊதல் அடித்தது. வாய்க்கால் பழக்கமோ பதற்றமோ, அவர் தன் முழு வேகத்தில் கிளம்பிவிட்டார். நான் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் திரும்பி எதிரே வந்துகொண்டிருந்தார். நான் மூச்சுத் திணறத் திரும்பி, சுவரை நெருங்கியபோது, முன்னால் ஏதோ கறுப்பாக நிற்பது தெரிந்தது. தலையைத் தூக்கினேன். சுவருக்கு ஒரு முழம் தள்ளி, மார்பளவுத் தண்ணீரில், சம்பந்தி என் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கல்யாண மண்டப வாசலில் வரவேற்பது போல ஒரு கையை நீட்டியிருந்தார்.

"வாங்க, வாங்க. நீங்க தொடுங்க சம்பந்தி."

மேலே மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பார்த்தது. மருமகள் வாயில் கைவைத்திருந்தாள். எனக்கு வெட்கம் வந்தது. ஆனால் நல்ல வெட்கம் இல்லை. மாட்டிக்கொண்டோமே என்ற வெட்கம். நானும் நின்றேன்.

"என்னங்க இது, நீங்க தொடுங்க" என்றேன்.

"அதெப்படீங்க, நீங்க இருக்கறப்ப?"

"அட, எல்லாரும் பார்க்கறாங்க. தொடுங்க!"

"பார்க்கறதனாலதானுங்க சொல்றேன். நீங்க மொதல்ல."

ஏழாவது வரிசையில் நீந்திய எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார். அப்போது எங்களுக்குப் பக்கத்தில், முகத்தில் தண்ணீர் படக் கூடாது என்பதற்காக மல்லாந்து படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, டெக்சாஸ்காரர் மிதந்து வந்து சேர்ந்தார். அவர் தலை சுவரில் இடித்தது. அதுதான் முதலிடம்.

எனக்குள் இருந்த வாட்ஸ்அப் குழு பதறியது. வெள்ளியாவது போகக் கூடாது என்று, மரியாதையையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்து நடந்து சுவரைத் தொட்டேன். நான் தொட்டதை உறுதி செய்துகொண்ட பிறகு சம்பந்தி ஒரு கை போட்டு நீந்தி வந்து தொட்டார்.

வெள்ளைச் சட்டை போட்ட நடுவர் கையைத் தூக்கினார். பிறகு குனிந்து எனக்குப் பொறுமையாக விளக்கினார். இந்த வகை நீச்சலில் நடுவில் நிற்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், பேசிக்கொண்டும் நிற்கலாம். தரையில் நடக்கத்தான் கூடாது. நான் தகுதி நீக்கம் செய்யப்பட்டேன். சம்பந்திக்கு வெள்ளி.

அந்த வெள்ளியை அவர் கழுத்தில் போட்டதும் அவர் செய்த முதல் வேலை, அதைக் கழற்றிக்கொண்டு பரிசு மேடையிலிருந்து இறங்கி வந்து என் கழுத்தில் போட முயன்றதுதான். "எனக்கெதுக்குங்க இது?" என்றார். பரிசு கொடுத்த பெண் ஓடி வந்து பதக்கத்தைப் பிடுங்கித் திரும்ப அவருக்குப் போட்டாள். அவர் மறுபடி கழற்றினார். டெக்சாஸ்காரர் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு மேடையில் தனியாக நின்றார்.

மதியம் நூறு கெஜம் இருந்தது. அதிலும் நாங்கள் மூவர்தான். இடைவேளையில் மனைவி எனக்குத் துண்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கராஜ்ல நீங்க பேசுனது எங்காதுல விழுந்துச்சு."

"தெரியும்."

"அந்தப் புள்ள அங்க உக்காந்து அழுதுட்டிருக்குது. அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு நெனச்சு டாக்டருக்கு போன் பண்ணப் பார்க்குது. போய்ச் சொல்லுங்க. இல்லீன்னா நாஞ் சொல்லிருவேன்."

போனேன். ஈர உடை, மேலே துண்டு, ஒரு வேதியியல் பேராசிரியர். மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சியாளர் கேட்டதையும், நான் மறைத்ததையும், காபி குடித்தபடி பேசியதையும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"மாமா. சீரியஸ்லி?"

"ஆமாம்மா."

"ஒரு மெடலுக்காகவா?"

"ஆமா."

"இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

சம்பந்தி குளியலறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொன்னேன். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரேயடியாக மறுத்தார்.

"நானுங்களா? இல்லவே இல்லீங்க. மூச்சு வாங்குச்சு, நின்னுட்டேன்."

"சம்பந்தி, நான் இந்த நூறு கெஜத்துல இறங்கலைங்க. நீங்க நீந்துங்க."

"நீங்க எறங்கலீன்னா நானும் எறங்கலீங்க. நல்லாருக்காது."

"சரி, ரெண்டு பேரும் எறங்குவோம். நீங்க முழு வேகத்துல போகணும்."

"போலாமுங்க" என்றார். எப்போதும்போல எனக்குப் பின்னால் வருவதற்குத்தான் ஒப்புக்கொள்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கெஞ்சிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்டதும் அவர் துடித்துப்போய் என்னிடமே மன்னிப்புக் கேட்டார். சமத்துவம் பற்றிப் பேசினேன். "கரெக்ட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தை எனக்கு நீட்டினார். கடைசியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்து நின்று, கல்யாண மண்டபத்தில் முணுமுணுத்தேனே, அந்தக் குரலில் சொன்னேன்:

"பையனைப் பெத்தவனாச் சொல்றேன் சம்பந்தி. இன்னைக்கு நீங்க எனக்கு முன்னாடி தொடலைன்னா எங்களுக்குப் பெரிய அவமானம். நான் வருத்தப்படுவேன்."

அவர் சட்டென்று எழுந்தார். டப்பாவை மூடினார்.

"வருத்தப்படாதீங்க சம்பந்தி. ஜெயிச்சர்றேன்" என்றார்.

இத்தனை வருடமும் அவரைக் குனிய வைத்த அதே அதிகாரத்தை வைத்துத்தான் அவரை நிமிர்த்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இல்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை. அவசரத்துக்கு அதுதான் கையில் இருந்தது.

நூறு கெஜம் என்றால் நான்கு நீளம். ஊதல் அடித்ததும் எனக்குப் பக்கத்து வரிசையில் தண்ணீர் கொந்தளித்தது. அதன் பிறகு அவரை நான் எதிரே வரும்போதுதான் பார்த்தேன். மூன்றாவது நீளத்தின் நடுவில் நான் திணறிக்கொண்டிருந்தபோது, அவர் கடைசி நீளத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். "பூ, பூ" என்ற சத்தம் நெருங்கியது. மூச்சுக்காக நான் முகத்தைத் திருப்பினேன். எங்கள் முகங்கள் நேருக்கு நேர் வந்தன. தெருவில் எதிர்ப்பட்டால் எப்படியோ அப்படி அவர் வேகத்தைக் குறைத்து, முகம் மலர்ந்து, "வாங்க சம்பந்தி" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் டெக்சாஸ்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்.

"போய்யா!" என்று கத்தினேன். வாயில் பாதி நீச்சல் குளம் இருந்தது. "நிக்காத, போய்யா யோவ்!"

அவரை நான் அதுவரை 'நீங்க' தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் கண்கள் விரிந்தன. பிறகு போனார். அப்படி ஒரு எருமைப் பாய்ச்சலை அந்த ஊர் பார்த்திருக்காது.

மற்றதை நான் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, குளத்துத் தரையில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மிச்சமிருந்த ஒன்றரை நீளத்தை இழுத்தேன். காதில் தண்ணீரும் கத்தலும் மாறி மாறி வந்தன. நடுவில் பெரிதாக ஒரு கூச்சல் எழுந்தது, அதில் மருமகளின் குரல் மட்டும் தனியாக, குழந்தையின் குரல் மாதிரி, "அப்பா!" என்று கேட்டது. அதன் பிறகு கைதட்டல். கடைசியாக வருகிறவர் கரை சேரும் வரை எல்லோரும் நின்று தட்டுவது இங்கே வழக்கம். அது எனக்கான கைதட்டல் என்று புரிந்தபோது இன்னும் பாதி தூரம் இருந்தது. அவ்வளவு நீளமான கைதட்டலை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை.

தொட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன். டெக்சாஸ்காரர் கரையேறி, தொப்பி போட்டுக்கொண்டு, எங்களுக்குக் கட்டை விரலைக் காட்டினார். பக்கத்து வரிசையில் சம்பந்தி சுவரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தார். விட்டால் யாராவது வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போலப் பிடித்திருந்தார். மேலே மருமகள் மகனின் தோளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், எண்கள் எரியும் பலகையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு வரிசைகளைப் பிரிக்கும் கயிற்றுக்கு மேலாக என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"சம்பந்தி, எம்மேல கோவமில்லீங்களே?"

நான் யோசித்தேன். அன்றைக்கு நிறைய உண்மை பேசியாகிவிட்டது, இன்னொன்றும் பேசிவிடலாம் என்று தோன்றியது.

"இருக்குதுங்க" என்றேன். "கொஞ்சம்."

அவர் முகம் பயந்தது. பிறகு, நான் அவரைப் பார்த்த இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, என்னைச் சமாதானப்படுத்த ஒன்றும் சொல்லாமல், வாய்விட்டுச் சிரித்தார்.